விதியில் சந்தேகம் வந்தால்: புத்தகமா, டி.எம். சொல்லா, வாக்கெடுப்பா, பகடையா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டம்; கதையை நடத்தி நடுவராகவும் இருப்பவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்). சண்டையின் நடுவில் ஹீலர் (காயம் ஆற்றும் கதாபாத்திரம்) பூஜ்யம் ஹிட் பாயின்ட்டில் (உயிர் எண்ணிக்கை) தரையில் கிடக்கிறார். எதிரி மந்திரவாதி அவர்மேல் மேஜிக் மிசைல் ஏவுகிறான். மூன்று கணைகள், ஒவ்வொன்றின் சேதமும் 1டி4+1 (நான்கு முகப் பகடை ஒன்றை உருட்டி ஒன்று கூட்டுவது). பூஜ்யத்தில் கிடப்பவருக்கு எந்த அடி பட்டாலும் ஒரு டெத் சேவ் (சாவிலிருந்து தப்ப உருட்டும் பகடை) தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் கதாபாத்திரம் செத்துப்போகும். மூன்று கணைகளும் ஒரே நேரத்தில் தாக்கும் என்கிறது மந்திரத்தின் வரி. அப்படியானால் இது ஒரு அடியா, மூன்று அடியா? ஹீலர் பிழைப்பதும் சாவதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அதே சண்டையில் இன்னொருவர் கேட்கிறார்: "இந்தப் பீப்பாய்க்குப் பின்னாடி நின்னா பாதி மறைவுன்னு +2 கிடைக்குமா?" இதுவும் விதிச் சந்தேகம்தான். ஆனால் இரண்டையும் ஒரே வழியில் தீர்க்கப் போனால், பீப்பாய்க்குப் பத்து நிமிடம் வீணாகும், அல்லது ஹீலரின் உயிர் பத்து விநாடியில் போய்விடும்.

இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014-இல் வந்தது, 2024-இல் திருத்தப்பட்டது) வைத்து, மேசையில் வழக்கமாகக் கையாளப்படும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம். எடைபோட இரண்டு கேள்விகள் போதும். தீர்ப்பு தவறென்று தெரிந்தால் அடுத்த வாரம் அதைச் சரிசெய்ய முடியுமா? இதே சந்தேகம் திரும்பத் திரும்ப வருமா?

புத்தகத்தைத் திறப்பது

டி.எம். உட்பட எல்லோருக்கும் ஒரே வரிதான் சட்டம் என்பது இதன் பெரிய பலம். யாருக்கும் சலுகை இல்லை, யார் குரல் பெரிது என்ற பேச்சும் இல்லை.

விலை நேரம். நான்கு ஆட்டக்காரர்களும் ஒரு டி.எம்.மும் இருக்கும் மேசையில் நான்கு நிமிடம் புரட்டினால் ஐந்து பேரின் இருபது நிமிடம் போகிறது. மூன்று மணி நேர செஷனில் ஆறு முறை இப்படி நின்றால் 24 நிமிடம் கழிந்துவிடும். சண்டையின் சூடு ஆறி, "யார் டர்ன்?" என்று மறுபடி கேட்டுத் தொடங்குவது அதற்கு மேல்.

அதனால் புரட்டுவதற்கும் ஒரு முறை வேண்டும். அந்த நேரத்தில் டர்ன் இல்லாத ஒருவர் தேடட்டும், டி.எம். ஆட்டத்தை நிறுத்தாமல் அடுத்தவரிடம் போகட்டும். போனில் இரண்டு நிமிட டைமர் வையுங்கள். தேடும் வரிசை: முதலில் அந்த மந்திரம் அல்லது வகுப்புத் திறனின் (கதாபாத்திரத்தின் தொழிலுக்குரிய திறன்) சொந்தப் பத்தி, பிறகு அதில் வரும் கண்டிஷனின் (கதாபாத்திரம் இருக்கும் நிலை) விளக்கம், கடைசியில் பொது விதி. பொது விதியும் தனி விதியும் மோதினால் தனி விதிதான் செல்லும் என்று புத்தகமே சொல்வதால்தான் இந்த வரிசை. 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் கடைசியில் அகரவரிசையில் விதிச் சொற்களஞ்சியம் இருக்கிறது. பாதிச் சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். கிடைத்த பத்தியை முழுதாக உரக்க வாசிக்க வேண்டும். தனக்குச் சாதகமான ஒரு வாக்கியத்தை மட்டும் வாசிப்பதில்தான் சண்டை மூள்கிறது.

சொல்லுக்குச் சொல் பார்ப்பதன் பயன் சில இடங்களில் பளிச்சென்று தெரியும். ரோக் வகுப்பின் ஸ்னீக் அட்டாக் (பதுங்கித் தாக்கும் கூடுதல் சேதம்) 'ஒரு டர்னுக்கு ஒரு முறை' என்று எழுதியிருக்கிறது, 'ஒரு ரவுண்டுக்கு' (எல்லோரும் ஒரு டர்ன் ஆடி முடிப்பது, ஆறு விநாடி) என்றில்லை. ஆகவே தன் டர்னில் ஒரு முறை அடித்த ரோக், எதிரி விலகி ஓடும்போது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கிலும் அதைச் சேர்க்கலாம். இதை நினைவிலிருந்து சொல்லும் பலர் தவறாகச் சொல்லி, ரோகின் பாதிப் பலத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

ஆனால் எழுத்தே தடுமாறும் இடங்களும் உண்டு. 2014 புத்தகத்தில் இன்விசிபிள் (கண்ணுக்குத் தெரியாத) கண்டிஷனுக்கு இரண்டு தனித்தனிக் குறிப்புகள். மந்திரத்தின் உதவியின்றிப் பார்க்க முடியாது என்பது ஒன்று. அந்த உருவத்தைத் தாக்குபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அது தாக்கினால் அட்வான்டேஜ் (கூடியதை எடுப்பது) என்பது மற்றொன்று. சீ இன்விசிபிலிட்டி மந்திரம் போட்டு எதிரியைக் கண்ணாரப் பார்த்தாலும், எழுத்தின்படி இரண்டாவது குறிப்பு நீங்கவில்லை. பார்த்துக்கொண்டே டிஸ்அட்வான்டேஜில் அடிக்க வேண்டும். இதைப் படித்த யாருக்கும் சரியென்று படாது. 2024 பதிப்பில் 'ஒருவர் எப்படியாவது உன்னைப் பார்க்க முடிந்தால் அவருக்கு எதிராக இந்தப் பலன் கிடையாது' என்று சேர்த்துவிட்டார்கள். நடுவே இருந்த பத்து ஆண்டுகளில் புத்தகத்தை மட்டுமே நம்பிய மேசைகள் பொருளற்ற ஒரு விதியை இழுத்துக்கொண்டிருந்தன.

எழுத்தைப் பாதி வழியில் கைவிடுவது இன்னொரு வகைக் கோளாறு. இரண்டாயிரம் குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, எல்லோரும் ரெடி ஆக்‌ஷன் (முன்கூட்டித் தயாராக நின்று சமயத்தில் செய்யும் செயல்) எடுத்து ஒரு கழியைக் கைமாற்றினால், ஆறு விநாடிக்குள் அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும்; அந்த வேகத்துக்கேற்ற சேதம் வேண்டும் என்கிற பழைய வாதம் பலருக்குத் தெரியும். கைமாற்றும்வரை விதிப் புத்தகம், எறியும்போது மட்டும் பௌதிகப் பாடம் என்று தாவுவதுதான் இதன் சூது. புத்தகத்தை விடாமல் பிடித்தால், கடைசி ஆள் எறிவது கையில் அகப்பட்ட ஏதோ ஒரு பொருள், சேதம் 1டி4. விதிகள் அந்த உலகத்தின் பௌதிகத்தை விவரிக்க எழுதப்பட்டவை அல்ல என்று 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு வெளிப்படையாகவே சொல்கிறது.

டி.எம். அங்கேயே தீர்ப்பது

இந்த விளையாட்டில் டி.எம்.முக்கு அதிகாரம் இருப்பதே இதற்காகத்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த முதல் பெட்டியில் இருந்த விதிகள் ஓட்டைகள் நிறைந்தவை. அவற்றை நடுவர்தான் நிரப்பியாக வேண்டியிருந்தது. இன்றைக்கும் எந்தப் புத்தகத்தாலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாத செயல்கள் ஒவ்வொரு செஷனிலும் வரும்.

ஒருவர் மாடியிலிருந்து கொதிக்கும் அண்டாவைக் கீழே நிற்கும் காவலர்மேல் கவிழ்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பக்கம் தேடிப் பயனில்லை. டி.எம். கையில் மூன்று கருவிகள் இருந்தால் போதும். முதலாவது டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) அட்டவணை: சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20. இரண்டாவது அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ்; எத்தனை காரணங்கள் குவிந்தாலும் ஒன்றுக்கு மேல் சேராது, இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். மூன்றாவது, திடீர்ச் சேதத்துக்கென 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு தரும் அட்டவணை: தணல் சுட்டால் 1டி10, தீக்குழிக்குள் தடுக்கி விழுந்தால் 2டி10, அமிலத் தொட்டிக்குள் விழுந்தால் 4டி10. கொதிநீர் அண்டா தீக்குழிக்குப் பக்கத்தில் வரும். டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்ப உருட்டும் பகடை) டிசி 15, தோற்றால் 2டி10, தப்பித்தால் பாதி. பதினைந்து விநாடியில் முடிந்தது.

இந்த வழியின் குறை டி.எம்.மின் நினைவும் மனநிலையும். போன வாரம் ஒரு தீர்ப்பு, இந்த வாரம் வேறு என்றால் ஆட்டக்காரர்கள் திட்டமிடுவதையே விட்டுவிடுவார்கள். இதைத் தடுக்கத் தீர்ப்போடு அதன் ஆயுளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "இன்னிக்கு இப்படி வெச்சுக்கலாம். செஷன் முடிஞ்சதும் புக்கைப் பார்த்துட்டு அடுத்த வாரம் ஆரம்பத்துல சொல்றேன்." சொன்னதை ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அடுத்த வாரம் தவறென்று தெரிந்தால் அன்றிலிருந்து மாறும். நடந்துமுடிந்த சண்டையைத் திருப்பி ஆடத் தேவையில்லை.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஆட்டக்காரர் நினைத்ததற்கு மாறாகத் தீர்ப்பு வந்தால், அந்தச் செயலைத் திரும்பப் பெற அவரை விட வேண்டும். ஒரு மந்திரவாதிக்குத் தன் மந்திரம் எப்படி வேலை செய்யும் என்று தெரியாமல் இருக்காது. தெரியாதது மேசையில் இருப்பவருக்குத்தான். "இப்படித்தான் நடக்கும், இன்னும் செய்யணுமா?" என்று பகடை உருட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டால் மனக்கசப்பில் பெரும்பகுதி வராது. உருட்டிய பிறகு சொல்லும் தீர்ப்பு, அது நியாயமானதாகவே இருந்தாலும், பறித்ததுபோல்தான் இருக்கும்.

வாக்கெடுப்பு

எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பது நல்லதாகத் தோன்றும். ஒரு நொடிச் சந்தேகத்துக்கு இது சரிவராது. மேசையில் பெரும்பான்மை எப்போதும் ஆட்டக்காரர்கள். சண்டை நடுவே கேட்டால் தங்கள் தோழர் பிழைக்கும் பக்கம்தான் கை தூக்குவார்கள். அது இயல்பு. அப்போது கேட்டால் வருவது அன்றைய சண்டையின் முடிவைப் பற்றிய விருப்பம்தான். விதி அங்கே பின்னுக்குப் போய்விடும்.

பல மாதங்கள் நிற்கப்போகும் ஹவுஸ் ரூல்களுக்கு (குழு தானே வகுத்துக்கொள்ளும் விதிகள்) மட்டும், செஷனுக்கு வெளியே, வாக்கெடுப்பு பொருந்தும். அங்கும் இரண்டு சோதனைகள் முடிந்த பிறகுதான் கை தூக்க வேண்டும். ஒன்று, இதே விதியை எதிரிகள் பயன்படுத்தினாலும் ஒப்புக்கொள்வோமா? கிரிட்டிக்கல் அடியைக் கூட்டும் எந்த விதியும் கடைசியில் ஆட்டக்காரர்களைத்தான் அதிகம் காயப்படுத்தும். ஓர் அரக்கன் ஒரே சண்டையில் போய்விடுவான், ஹீரோ எல்லாச் சண்டையிலும் அடிவாங்குகிறார்.

இரண்டாவது சோதனை, சுமை யார்மேல் விழுகிறது என்பது. தாக்க உருட்டும் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும் என்ற ஹவுஸ் ரூல் பல மேசைகளில் சிரித்துக்கொண்டே நிறைவேறும். கணக்கைப் பாருங்கள். முதல் நிலை ஃபைட்டர் டர்னுக்கு ஒரு முறை அடிக்கிறார். 1 விழ 5 விழுக்காடு வாய்ப்பு. ஐந்தாம் நிலையில் இரண்டு அடி, 9.75 விழுக்காடு. பதினோராம் நிலையில் மூன்று அடி, 14.3 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஏழு டர்னுக்கு ஒரு முறை வாள் நழுவும். ஆக்‌ஷன் சர்ஜ் என்ற திறனால் கூடுதலாக ஒரு முறை தாக்கி ஆறு அடி அடித்தால் 26.5 விழுக்காடு. ஃபயர்பால் வீசும் விசர்ட் தாக்குதல் பகடையே உருட்டுவதில்லை. அவருக்கு ஆபத்து பூஜ்யம். தேர்ச்சி கூடக் கூட வாள்வீரர் அதிகம் தடுமாறுகிறார், மந்திரவாதிக்கு ஒன்றும் இல்லை. நான்கு பேரில் மூன்று பேர் மந்திரக்காரர்களாக இருக்கும் மேசையில் இந்த வாக்கெடுப்பு எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவரை மட்டும் பாதிக்கும் விதிக்கு அந்த ஒருவரின் சம்மதம் கட்டாயம் என்று வைத்துக்கொள்வதே முறை.

பகடை உருட்டித் தீர்ப்பது

1 முதல் 3 வரை விழுந்தால் ஒரு பொருள், 4 முதல் 6 வரை விழுந்தால் மற்றது. வார்ஹாமர் போன்ற போர் விளையாட்டுகளில் பழகிய வழி. இரண்டு வாசிப்பும் சமமாக நியாயமாகப் படும்போது, சின்ன விஷயத்துக்கு, மேசையில் டி.எம். என்று ஒருவர் இல்லாத ஆட்டங்களுக்கு இது நல்லது. அடிக்கடி செய்தால் கெடும்: எந்த வலுவற்ற வாதத்துக்கும் பாதி வாய்ப்பு கிடைக்கிறது என்று தெரிந்தால் வாதங்கள் பெருகும். இன்று விழுந்த பகடை அடுத்த வாரத்துக்கு முன்னுதாரணமும் ஆகாது.

வெளியாரைக் கேட்பது

இதில் நான்கு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

எர்ராட்டா என்பது புத்தகத்தின் திருத்தம். அது வந்த நாளிலிருந்து விதியே மாறுகிறது. உங்கள் கையில் இருக்கும் பழைய அச்சில் அது இருக்காது. 2017-இல் வந்த ஹீலிங் ஸ்பிரிட் மந்திரம் இதற்கு நல்ல உதாரணம். ஆவி நிற்கும் இடத்துக்குள் ஒருவர் நுழையும்போதெல்லாம் டர்னுக்கு ஒரு முறை 1டி6 குணமாகும், மந்திரம் ஒரு நிமிடம் நிற்கும். ஒரு நிமிடம் என்றால் பத்து ரவுண்ட். சண்டை முடிந்ததும் ஐந்து பேரும் வரிசையாக ஆவிக்குள் போய்வந்துகொண்டே இருந்தால் ஆளுக்கு 10டி6, சராசரி 35. மொத்தம் 175 ஹிட் பாயின்ட். செலவு ஒரே ஒரு இரண்டாம் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு). 2020-இல் வந்த எர்ராட்டா, மந்திரத் திறனின் மாடிஃபையரோடு (திறனுக்குரிய கூட்டெண்) ஒன்றைக் கூட்டிய எண்ணிக்கையே எல்லை என்றது. +4 இருப்பவருக்கு மொத்தமே ஐந்து முறை, சராசரி 17.5. எழுத்து அனுமதித்ததை டி.எம்.கள் தடுத்தது சரிதான் என்பதை வெளியீட்டாளரே மூன்று ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டதுபோல் ஆயிற்று.

சேஜ் அட்வைஸ் என்பது விளக்கம். டிராகன் இதழில் 1970களின் இறுதியில் கேள்வி பதில் பகுதியாகத் தொடங்கிய பெயர் அது. ஐந்தாம் பதிப்பில் அதை எழுதிய ஜெரமி க்ராஃபர்ட், எழுதியபடி, எண்ணியபடி, மகிழ்ச்சிக்கேற்றபடி என்று மூன்று நோக்கில் விதியைப் பார்க்கலாம் என்று பிரித்துக் காட்டினார். மேசையில் வாதிடும் இருவரும் பெரும்பாலும் வெவ்வேறு நோக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கண்டுகொண்டாலே பாதி வாதம் அடங்கும். தொகுப்பாக வெளியான சேஜ் அட்வைஸ் ஆவணம் அதிகாரபூர்வமானது. அவருடைய ட்வீட்டுகள் ஒரு காலத்தில் அப்படிக் கருதப்பட்டன. 2019 முதல் அவை ஆலோசனை மட்டுமே. பழைய ட்வீட்டின் படத்தைக் காட்டி வாதாடுபவரிடம் இதைச் சொல்லலாம்.

மூன்றாவது இணையத் தேடல், நான்காவது சாட்பாட். இரண்டிலும் ஒரே ஆபத்து: பதிப்புக் குழப்பம். காயம் ஆற்றும் போஷனைக் குடிக்க 2014-இல் ஆக்‌ஷன், 2024-இல் போனஸ் ஆக்‌ஷன். முன்னது டர்னின் முக்கியச் செயல், பின்னது அதற்கு மேல் செய்யும் சிறு செயல். திடீர்த் தாக்குதலுக்கு ஆளானவர் 2014-இல் முதல் டர்னையே இழப்பார். 2024-இல் இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசை) உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜ் மட்டும். கிராப்பிள் (எதிராளியைப் பிடித்து மடக்குவது) முன்பு அத்லெடிக்ஸ் போட்டி, இப்போது எதிராளியின் சேவ். தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பின் பதில். சாட்பாட் இரண்டையும் கலந்து தயங்காமல் சொல்லும். பதிப்பைக் குறிப்பிட்டுத் தேடுங்கள், கிடைத்ததைப் புத்தகத்தில் சரிபாருங்கள். அடிப்படை விதிகளடங்கிய எஸ்.ஆர்.டி. ஆவணம் இலவசம்: 5.1 என்றால் 2014 விதிகள், 5.2 என்றால் 2024 விதிகள். முழுப் புத்தகம் வாங்க முடியாத குழுவுக்கும் இது போதும்.

வெளியாரின் பதில் எதுவாக இருந்தாலும், செஷனுக்கு நடுவே தேட ஏற்றதில்லை. இரண்டு செஷன்களுக்கு இடையே அதைவிட நல்ல வழியும் இல்லை.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் தராசு புத்தகப் பக்கம் சாயும். அதன் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் அதிகாரபூர்வமாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு செயலுக்கும் குறிச்சொற்கள் இருப்பதால் தேடல் அரை நிமிட வேலை. இரண்டு பொருள் வந்தால், நம்ப முடியாத அளவு சாதகமாக இருக்கும் பொருளைச் சந்தேகிக்கச் சொல்லும் ஒரு குறிப்பும் அந்த விதிநூலிலேயே உண்டு. எந்த விளையாட்டுக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பாணி விளையாட்டுகளில் எதிர்ப்புறம்: விதி குறைவு, நடுவரின் தீர்ப்பே ஆட்டம். பொது நிகழ்வுகளில் அறிமுகமில்லாதவர்களோடு ஆடும் அட்வென்சரர்ஸ் லீக் மேசைகளில் ஹவுஸ் ரூலுக்கே இடமில்லை. புத்தகமும், புத்தகம் விட்ட இடத்தில் டி.எம்.மும்தான்.

எதற்கு எது

வீட்டில் ஒரே குழுவாக மாதக்கணக்கில் ஆடுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை இது. பீப்பாய் போன்ற சந்தேகங்களை, அதாவது தவறினாலும் ஒன்றும் முழுகிப்போகாதவற்றை, டி.எம். உடனே தீர்க்கட்டும். அரை நிமிடத்துக்குமேல் வாதம் வேண்டாம். தீர்மானிக்க முடியாவிட்டால் ஆட்டக்காரருக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒருவர் தன் கதாபாத்திரத்தையே கட்டியெழுப்பியிருக்கும் திறனைப் பற்றிய சந்தேகம் என்றால், சண்டை வரும்வரை காத்திருக்காதீர்கள். நிலை உயரும் நாளிலேயே ஆட்டக்காரரும் டி.எம்.மும் சேர்ந்து அந்தப் பத்தியை வாசித்து ஒத்துப்போகட்டும். ஸ்னீக் அட்டாக், ஒளிந்துகொள்வது, மாயத்தோற்ற மந்திரங்கள் ஆகிய மூன்றும் இதில் முதலிடம்.

மீள முடியாதது நடக்கப்போகிறது என்றால் மட்டும் ஆட்டத்தை முழுதாக நிறுத்துங்கள். கதாபாத்திரத்தின் சாவு, மீண்டும் கிடைக்காத பொருளின் அழிவு, கதையின் போக்கையே மாற்றும் ஒப்பந்தம். ஹீலர்மேல் பாய்ந்த மேஜிக் மிசைல் இந்த வகை. இங்கே ஐந்து நிமிடம் செலவழிப்பதில் தவறில்லை. மந்திரத்தின் பத்தி, பூஜ்யம் ஹிட் பாயின்ட் பத்தி இரண்டையும் உரக்க வாசியுங்கள். அதன் பிறகும் இரண்டு பொருள் நின்றால், திரும்பப் பெறக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுங்கள்: இன்று ஒரு தோல்வி என்று எழுதுங்கள். மூன்று என்பதுதான் சரியென்று பிறகு தெரிந்தால் அடுத்த மேஜிக் மிசைலில் இருந்து அது நடைமுறைக்கு வரும், அதுவும் எல்லோருக்கும் முன்கூட்டித் தெரிந்தபின். இன்றைக்கே மூன்று என்று எழுதி ஹீலர் செத்த பிறகு அது தவறென்று தெரிந்தால், கிழித்துப்போட்ட கதாபாத்திரத் தாளை ஒட்டவைக்க நல்ல வழி எதுவும் கிடையாது.

தீர்ப்பு ஏடு

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு ஏடு வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும்; எல்லோரும் பார்க்கக்கூடிய ஆன்லைன் கோப்பு இன்னும் நல்லது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் தேதி, சந்தேகம், தீர்ப்பு, காரணம் ஒரு வரி, தற்காலிகமா நிரந்தரமா என்ற குறி. காரணத்தை எழுதாத தீர்ப்பு ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது. எழுதும் வேலை டி.எம்.முக்கு வேண்டாம், அவருக்கு வேலை ஏற்கெனவே அதிகம். ஆட்டக்காரர்களில் ஒருவர் முறைவைத்து எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு செஷனின் முதல் ஐந்து நிமிடத்தில் தற்காலிகக் குறி போட்டவற்றை மட்டும் எடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

ஹவுஸ் ரூல்கள் இரண்டு பக்கத்தைத் தாண்டினால் புதிதாகச் சேருபவரால் அவற்றைப் படிக்க முடியாது. ஒன்றைச் சேர்க்கும்போது ஒன்றை நீக்கப் பாருங்கள். 2014-இலிருந்து 2024 விதிகளுக்கு மாறும் குழு, முதல் செஷனுக்கு முன் இந்த ஏட்டை எடுத்து உட்காரட்டும். போஷன் போனஸ் ஆக்‌ஷன் என்று பல மேசைகள் தாங்களே எழுதிவைத்த விதி இப்போது புத்தகத்திலேயே இருக்கிறது. இன்விசிபிள் எதிரியைப் பார்க்க முடிந்தால் டிஸ்அட்வான்டேஜ் இல்லை என்பதும் அப்படியே. அந்த வரிகளை அடித்துவிடலாம்.